நாலாவது சோடி

மொறின்: சொல்லிற்றீங்களா, இல்லையா? ஒத்தச் சொல்லில சொல்லுங்க.

ஹியூபர்ட்: சொன்னதுதானே... கிட்டத்தட்டச் சொன்ன மாதிரித்தான்.

மொறின்: கிட்டத்தட்டயா? நாளையண்டைக்கி மகளுக்குக் கலியாணம். "கலியாண ராவைக்கி நீங்களும் எங்களோட லான்சர் ஆடோணும்" எண்டு மாப்பிள்ளட தாய் தகப்பனுக்குச் சொல்லுங்க, சொல்லுங்க எண்டு மூணு மாசமாக் கத்துறன். போன ஞாயித்துக்கிழம என்ன சொன்னீங்க? "சொல்லியாச்சு மொறின், ரெண்டு பேருக்கும் நல்ல சந்தோசம்" எண்டீங்க.

ஹியூபர்ட்: அது... சாப்பாட்டப் பத்தி. கோழியா ஆடா எண்டு கேட்டன். ஆடு எண்டதும் சந்தோசப்பட்டாங்க.

மொறின்: மாதாவே! அப்ப ஆட்டத்தப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல?

ஹியூபர்ட்: நீயே யோசிச்சிப் பாரு. நல்லரத்தினம் ஆரு? வவுணதீவுக் கோயில் வண்ணக்கர், கோயில நடத்திற மனிசன். அவர் வந்தா கோயில் வாசல்ல ஊரே எழும்பி நிக்கும். அந்த மனிசனிட்டப் போய், "சம்பந்தி, வேட்டிய மடிச்சிக் கட்டுங்க, பொம்பிளைகள்ட கையப் புடிச்சிக்கிட்டு நாலு சுத்துச் சுத்துங்க" எண்டு எந்த வாயால கேக்கிற?

மொறின்: சோறு திங்கிற வாயாலதான். நம்மட குடும்பத்தில முதல் ஆட்டத்துக்கு எட்டுப் பேர். பொம்பிள மாப்பிள்ள ஒரு சோடி. நாம ஒரு சோடி. ஞானத்தாய் ஞானத்தகப்பன் ஒரு சோடி. மாப்பிள்ளயப் பெத்தவங்க நாலாவது சோடி. நாலு பக்கத்திலயும் ஆள் நிக்காட்டி லான்சர் இல்ல. மூணு காலில கட்டில் நிக்குமா?

ஹியூபர்ட்: நாலாவது காலுக்குச் செங்கல் வைக்கலாம். உன்ர தம்பியையும் பொஞ்சாதியையும் நிப்பாட்டுவம்.

மொறின்: அவன் அவுஸ்திரேலியாவில இரிக்கான். போனுக்குள்ளால வந்து கையப் புடிப்பானா?

ஹியூபர்ட்: சரி, அப்ப ஆட்டமே வேணாம். அதுக்குத்தான் நான் டெரிக்கிட்ட...

மொறின்: டெரிக்கிட்ட?

ஹியூபர்ட்: ஒண்ணுமில்ல.

மொறின்: டெரிக்கிட்ட என்ன, ஹியூபர்ட்?

ஹியூபர்ட்: வயலினோட வராத, சும்மா சாப்பிட மட்டும் வா எண்டிற்றன்.

மொறின்: என்ன?!

ஹியூபர்ட்: கத்தாத. டச்பார் ஊர் முழுக்கக் கேக்கும்.

மொறின்: கேக்கட்டும்! பெத்த மகள்ட கலியாணத்தில வயலின நிப்பாட்டின பறங்கி இஞ்சதான் இரிக்கான் எண்டு எல்லாரும் வந்து பாக்கட்டும்!

ஹியூபர்ட்: உனக்கு என்ர தங்கச்சிர கலியாணம் மறந்து போச்சா? கபறிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் அடிக்கத் தொடங்கினதும் மாப்பிள்ள வீட்டார் என்ன செய்தாங்க? "இதென்ன கூத்து" எண்டு பாதிச் சாப்பாட்டில கையக் கழுவிற்று எழும்பிப் போனாங்க. அவள் வெள்ளச் சட்டையோட மண்டபத்துக்கு நடுவில தனிய நிண்டாள். அந்தக் கோலத்தில நம்மட மகள் ஷெரிலப் பாக்க எனக்கு ஏலா, மொறின்.

மொறின்: ...அது முப்பது வருசத்துக்கு முந்தின கத.

ஹியூபர்ட்: எனக்கு நேத்து நடந்த மாதிரி இரிக்கி.

மொறின்: இஞ்சருங்க. நான் ஒண்ணு கேக்கிறன், சொல்லுங்க. நம்மட நிறத்தப் பாத்து நம்மளப் பறங்கியர் எண்டு ஆரும் நம்புறானா?

ஹியூபர்ட்: கந்தோரில போமை நிரப்பக்குள்ள அந்தப் பொடியன் மூணு தரம் என்ர முகத்தப் பாத்தான். "ஐயா, இனம் எண்ட இடத்தில சரியாத்தான் எழுதினீங்களா?" எண்டு கேட்டான்.

மொறின்: நீங்க என்ன சொன்னீங்க?

ஹியூபர்ட்: அஞ்ஞூறு வருசம் மட்டக்களப்பு வெயில்ல நிண்டா வெள்ளச் சுவரும் கறுக்கும் தம்பி, எழுதினது சரி எண்டன்.

மொறின்: நல்லாச் சொன்னீங்க. உங்கட தாத்தா பேசின பறங்கிப் பாஷையில எவ்வளவு ஞாபகம்?

ஹியூபர்ட்: ஏச்சு மட்டும்தான். ஒரு பத்துப் பன்ரெண்டு இரிக்கும்.

மொறின்: அதையா பேரப்புள்ளைக்குப் பழக்கப் போறீங்க? நிறம் போயிற்று. பாஷ போயிற்று. மிச்சம் கிடக்கிறது பேரும் இந்த ஆட்டமும். பேரும் சனிக்கிழமையோட அவள விட்டுப் போயிரும். ஆட்டத்தையும் நீங்க பெட்டிக்குள்ள வச்சிப் பூட்டினா, என்ர புள்ள எதக் கொண்டு அந்த வீட்டுக்குப் போற?

ஹியூபர்ட்: ...எனக்கு ஆச இல்லையா? அவள் பொறந்த அண்டைக்கே நினைச்சன், இவள்ட கலியாணத்தில கால் கழண்டு விழும் வரைக்கும் ஆடுவன் எண்டு. ஆனா அவள் அழுதா...

மங்கையற்கரசி: சம்பந்தி! வீட்டில ஆரும் இரிக்கீங்களா?

ஹியூபர்ட்: ஐயோ, மாப்பிள்ள நிதுர்ஷன்ட தாய்! மொறின், ஆட்டத்தப் பத்தி மூச்சு விடாத. வாங்க, வாங்க அக்கா!

மங்கையற்கரசி: முதல்ல இந்தத் தயிர்ச் சட்டிய வாங்குங்க. ஓட்டோக்காறன் வலையிறவுப் பாலத்தில குலுக்கின குலுக்கில பாதி மோராப் போயிரிக்கும்.

மொறின்: தாங்க அக்கா. இந்த வெயில்ல ஏன் தனிய வந்த? அண்ணன் வரல்லயா?

மங்கையற்கரசி: அவருக்குத் தெரியாமத்தான் வந்தன். ஒரு விசயம் கேக்கோணும்.

ஹியூபர்ட்: கலியாணத்தில... ஏதும் கொறையா?

மங்கையற்கரசி: கலியாணத்தில ஒரு கொறையுமில்ல. என்ர மனிசனிலதான் கொற. ரெண்டு கிழமையாப் பாக்கன். பின்னேரம் மூணு மணி ஆனா, "வட்டைக்கிப் போட்டு வாறன்" எண்டு மோட்டச்சைக்கிள எடுக்கார். வெள்ளாம வெட்டி ரெண்டு மாசம். வயலுக்குள்ள மாடு மேயிது. அங்க இவருக்கு என்ன வேல?

ஹியூபர்ட்: வரம்பு பாக்கப் போறாராக்கும்.

மங்கையற்கரசி: வரம்பு பாக்கப் போற மனிசன் சென்ட்டும் பூசிக்கிட்டா போற?

ஹியூபர்ட்: சென்ட்டா? ...மொறின், ஏன் இருமுற?

மொறின்: தொண்ட... தொண்டைக்க என்னவோ...

மங்கையற்கரசி: தண்ணி குடிங்க தங்கச்சி. இன்னும் கேளுங்க. முந்தநாள் மாட்டுக் கொட்டிலுக்க சத்தம். எட்டிப் பாத்தா, வண்ணக்கர் தனிய நிக்கார். முன்னுக்கு மூணு எட்டு வைக்கார். பின்னுக்கு மூணு எட்டு. "ஒண்ணு, ரெண்டு, மூணு" எண்டு எண்ணுறார். மறுகா ஒரு சுத்து. மறுகா எங்கட நாகு மாட்டுக்கு முன்னால போய், நெஞ்சில கைய வச்சி, குனிஞ்சி ஒரு கும்பிடு!

ஹியூபர்ட்: மாட்டுக்கா?

மங்கையற்கரசி: அது வெருண்டு கயித்த அறுத்துக்கிட்டு ஓடிற்று. புடிச்சிக் கட்டப் பொழுதுபட்டுப் போச்சு.

ஹியூபர்ட்: கலியாண வேல கூடினா சில பேருக்கு இப்பிடித்தான் அக்கா. ஒரு நல்ல டொக்டரிட்ட...

மங்கையற்கரசி: டொக்டருக்கு என்ன தெரியும்? தங்கச்சி, நீங்க சொல்லுங்க. அந்தக் கும்பிட அவர் எங்க பழகின?

ஹியூபர்ட்: மொறினுக்கு எப்பிடித் தெரியும்? ...மொறின்? ஏன் முகட்டப் பாக்கிற?

மொறின்: ...மாதா கோயில் மண்டபத்தில.

ஹியூபர்ட்: என்னது?

மொறின்: நான்தான் பழக்கின.

ஹியூபர்ட்: பின்னேரத்தில நீ நவநாள் பூசைக்கெல்லா போன?

மொறின்: நவநாள் ஒம்பது நாள். நான் பதினாலு நாள் போனன். நீங்கதான் எண்ணிப் பாக்கல்ல.

ஹியூபர்ட்: அடிப் பாவி!

மொறின்: நான் கூப்பிடல்ல. அண்ணன்தான் தேடி வந்தார். மாப்பிள்ள வீட்டாரும் ஆடோணும் எண்டு நிதுர்ஷன் சொல்லியிரிக்கான். "தங்கச்சி, ஹியூபர்ட் என்னட்டக் கேக்கக் கூச்சப்படுறார் போல. நீங்க பழக்கி விடுங்க. அவருக்கும் சொல்லாதீங்க, என்ர மனிசிக்கும் சொல்லாதீங்க, விழுந்து விழுந்து சிரிப்பா" எண்டார்.

ஹியூபர்ட்: அப்ப இவ்வளவு நேரமும் என்னப் போட்டு வறுத்தது?

மொறின்: உங்கட பொய் எவ்வளவு தூரம் ஓடும் எண்டு பாத்தன். டெரிக்க வேணாம் எண்டதுதான் எனக்குத் தெரியாமப் போச்சு.

ஹியூபர்ட்: வண்ணக்கர்... எங்கட ஆட்டத்த... தேடி வந்து பழகினாரா? நில்லு, கண்ணுக்க என்னவோ விழுந்திற்று.

மொறின்: ஒண்ணும் விழல்ல. அழுறதெண்டா நேரா அழுங்க.

ஹியூபர்ட்: அக்கா, கோவிக்காதீங்க. இவள் செய்தது புழதான். உங்களுக்கு விருப்பமில்லாட்டி இந்த ஆட்டமே வேணாம். சனத்துக்கு முன்னால உங்கட மானம் போக நான் விடமாட்டன்.

மங்கையற்கரசி: மானம் போகத்தான் போகுது! கோவம் வராம என்ன செய்யும்? சனிக்கிழமைக்கி இன்னும் ரெண்டே ரெண்டு நாள். முதல்ல அந்த டெரிக்குக்குப் போன் எடுத்து வயலினக் கொண்டு வரச் சொல்லுங்க சம்பந்தி. தங்கச்சி, நீங்க இண்டைக்கிப் பின்னேரமே அவரப் புடிச்சித் திருத்துங்க.

மொறின்: எதத் திருத்துற அக்கா? அண்ணன் நல்லாத்தானே ஆடுறார்?

மங்கையற்கரசி: என்னத்த நல்லா? கும்பிடக்குள்ள வலக்கால் பின்னுக்குப் போகோணும், அந்த மனிசன் இடக்கால வைக்கார். ஒரு மாசமா உங்கட மகளிட்டக் களவாப் பழகிற எனக்குத் தெரியாதா?