பபுள் ஏத்த ரெண்டு பேரு

சுஜாதா: மிஷினு சுடுது.

தீனதயாளன்: தகரக் கூரை. வெயில்ல சுடாம...

சுஜாதா: கூரைய சொல்லல. கைய வெச்சுப் பாரு. ஹீட்டர் போட்டியா?

தீனதயாளன்: ...சும்மா. துருப் புடிக்காம இருக்கட்டும்னு.

சுஜாதா: இன்னிக்கு எடைக்குப் போறதுக்குத் துரு இன்னாய்யா பண்ணப் போவுது?

தீனதயாளன்: நீதான வித்துத் தொலைன்ன?

சுஜாதா: நீ மூஞ்ச தூக்கி வெச்சுகினு ஒக்காந்துகினு இருந்த. கண்ணுல படாம போனா ஒனக்கு நிம்மதின்னு சொன்னேன்.

தீனதயாளன்: நான் ஒனக்காவ சரின்னேன். அணுபுரம் கேன்டீன்ல நின்னு நின்னு கால் வீங்கி வர...

சுஜாதா: கால வுடு.

தீனதயாளன்: இன்னா ஓட்டம் ஓடுச்சு இது... பிளாஸ்டிக் குருணை வெல ஏறி கருங்குழில பாதி கம்பெனி படுத்தப்பவும் நாம நின்னோம். கேரி பேக்குக்குத் தடை வந்துச்சு, குப்பைக் கவருக்கு மாறுனோம். கொரோனால ஆஸ்பத்திரி கவரு, ராவும் பகலுமா...

சுஜாதா: அப்பதான் கையில நாலு காசு நின்னுச்சு.

தீனதயாளன்: அப்பறம் அதுவும் போச்சு. ரூல்சு இறுகிச்சு, ஷட்டர எறக்கிட்டோம்.

சுஜாதா: பிளாஸ்டிக்கு பலூனாட்டம் ஊதிகினு மேல ஏறுறப்ப கீழேந்து கத்துவியே, "பபுள் வருது, புடி சுஜா, புடி"ன்னு...

தீனதயாளன்: நீ ஏணில நின்னு லாவகமா புடிச்சு ரோலர்ல வுடுவ. அத நெனச்சா இன்னமோ பண்ணுது.

சுஜாதா: எனக்கு மட்டும் பண்ணலியா? ...மூலையில இன்னா அது, சாக்கு போட்டு மூடிக்கீது?

தீனதயாளன்: தொடாத.

சுஜாதா: மக்கிப் போற பை செய்யுற குருணை தான? சோளத்துல செய்வாங்களே?

தீனதயாளன்: ஒரே மூட்ட. சர்டிபிகேட் வாங்கினா இத ஓட்டலாம்னாங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழம போட்டுப் பாக்குறேன். கருகிப் போவுது.

சுஜாதா: பழைய சூட்டுலயே வெச்சியா?

தீனதயாளன்: பின்ன? நம்ம மிஷினு சூடு எனக்குத் தெரியாதா?

சுஜாதா: அது பிளாஸ்டிக்குக்குய்யா. இது மாவு கலந்தது. கொறைக்க வேணாவா?

தீனதயாளன்: கொறைச்சாலும்... ஒத்த ஆளா பபுள் ஏத்த முடியல சுஜா. மேல புடிக்க ஆளில்ல. வுடு, முடிஞ்சு போச்சு. கோவளத்துலேந்து லாரி எடுத்துகினு வரேன்னாரே பழைய இரும்புக்கார ஞானதாசு, இன்னும் காணோமே?

சுஜாதா: வரமாட்டாரு. போன வெள்ளிக்கெழம ஒன் சட்டைல கருகுன வாசன அடிச்சுது. மிஷின ஓட்டிப் பாக்குறன்னு புரிஞ்சுது. அன்னிக்கே அவருக்குப் போன் போட்டு வேணாம்னுட்டேன்... நீ சூட்ட கொற. ஏணி எங்க?