தங்க ஹெல்மெட் யார் தலையில்

என் கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணிக்கு இருபத்தாறு வருடம் கோல் கணக்கு எழுதினேன். அதற்கு வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை. கணக்கு வாத்தியார் என்பதால் கூட்டவும் தெரியும் என்று நம்பினார்கள். தெரியும்.

எங்கள் ஆட்டக்காரன் வேய்க்காவைப் பற்றிப் புத்தகம் போடுகிறீர்களாம், சந்தோஷம். பதினான்கு வருடம் ஒரே அணி, அறுநூற்றுப் பதினோரு புள்ளி. அதில் அறுபத்து மூன்று நான் கொடுத்தது. அட்டையில் என் பெயரைப் போட்டுவிடாதீர்கள், எனக்கு விளம்பரம் பிடிக்காது.

கோல் அடித்தவனுக்கு ஒரு புள்ளி, ரப்பர் வட்டைத் தள்ளிக் கொடுத்தவனுக்கும் ஒரு புள்ளி. கடைசியாக யார் மட்டையில் பட்டது என்று மேசையில் இருக்கும் நான் தீர்மானிப்பேன். அணியில் அதிகப் புள்ளி வைத்திருப்பவன் அடுத்த ஆட்டத்துக்குத் தங்க நிற ஹெல்மெட் மாட்டிக்கொண்டு இறங்குவான். எங்கள் பின்லாந்துக்காரன் மூளையே மூளை. எவனை நொறுக்குவது என்று எதிரணி தேடி அலைய வேண்டாம் பாருங்கள்.

ஓர் அக்டோபரில் அந்த ஹெல்மெட் என் மகன் இல்மோவுக்கு வந்தது. அவனும் வேய்க்காவும் ஜோடியாக ஆடுகிறவர்கள், ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு தடியன் இல்மோவைப் பின்னாலிருந்து பக்கப் பலகையோடு சேர்த்து அறைந்தான். எழுந்திருக்க நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடம் பயந்ததுபோல் நான் என்றைக்கும் பயந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை இல்மோ அடித்த கோல், வேய்க்காவின் மட்டையில் பட்டுப் போனதாக எழுதினேன். எழுத்து வழக்கம்போல அழகாகவே வந்தது. ஹெல்மெட் தலை மாறியது.

வேய்க்கா மேசைக்கே வந்துவிட்டான். என்னிடம் படித்தவன்.

"வாத்தியாரே, அது என் மட்டையில படவே இல்ல. இல்மோ கோல் அது."

"உனக்குத் தெரியல. நான் பாத்தேன்."

"கிளாஸ்ல அரை மார்க் கூட சும்மா போட மாட்டீங்க. இப்ப என்ன இவ்ளோ தாராளம்?"

சிரித்துக்கொண்டே போனான். நல்ல பையன். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஜனவரியில் அவனுக்கு முதல் மூளை அதிர்ச்சி. நான்காவதுக்குப் பிறகு உடை மாற்றும் அறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார ஆரம்பித்தான். ஆறாவதுக்குப் பிறகு என் பெயரை மறந்துவிட்டு, 'வாத்தியாரே' என்பதை மட்டும் வைத்துக்கொண்டான். அவன் ஓய்வில் இருக்கும் வாரங்களில் இல்மோ புள்ளியில் நெருங்கி வருவான். அப்போது இல்மோ கொடுத்த பாஸ் ஒன்றிரண்டு என் கண்ணில் படாமல் போகும். வயசாகிறது அல்லவா. மற்றபடி நான் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை.

இருபத்தேழு வயதில் இல்மோ ஆட்டத்தை விட்டான். சவுனா நீராவி அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: "நான் சுமாரான ஆளுதான்பா. நல்லா ஆடின மாதிரி தோணும், மறுநாள் பேப்பரப் பாத்தா ஒண்ணும் இருக்காது."

சூடான கல்லின்மேல் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். அவன் தலை முழுதாக இருந்தது, எனக்கு அது போதும். இப்போது ஏதோ ஊரில் ஹீட்டர் விற்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவான், அதுவும் எல்லா வருடமும் இல்லை.

போன மாதம் வேய்க்காவின் பத்தொன்பதாம் எண் சட்டையை, இனி யாரும் அந்த எண்ணைப் போடக் கூடாது என்ற மரியாதையோடு, அரங்கத்தின் கூரைக்கு ஏற்றினார்கள். அவன் என் பக்கத்தில்தான் நின்றான். அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தான்.

"வாத்தியாரே, யாரோட சட்டை அது?"

"உன்னோடதுடா."

"சும்மா இருங்க. எல்லாத்தையும் எனக்கே எழுதுவீங்க."

எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள், நானும் தட்டினேன். உங்கள் புத்தகத்தில் அறுநூற்றுப் பதினொன்று என்றே இருக்கட்டும். ஒரு பிள்ளைக்குச் சேர வேண்டியதைக் குறைத்து எழுத எனக்கு மனசு வராது.