எடைக்கு எடை வெல்லம்

எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் நான்தான் வைப்பேன், மேடம். அம்சவள்ளி வைத்தால் பாயசமாகிவிடும். கட்டிய மனைவியைக் குறை சொல்லக்கூடாதுதான். ஆனால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று நீங்கள்தானே உட்கார வைத்திருக்கிறீர்கள்.

என்னைப் பாருங்கள், நாற்பத்தெட்டு கிலோ. பாகூர் ஏரிக்கரையில் காற்றடித்தால் மொபெட்டை நான் பிடிப்பதில்லை, மொபெட்தான் என்னைப் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பிறந்த வெண்ணிலாவும் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். ஒரு கிலோ நூறு கிராம். ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, பிழைத்தால் பத்து வயது முடிகிற அன்று இவள் எடைக்கு எடை வெல்லம் தருகிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன்.

மச்சான் தங்கவேல் சிரித்தான். “இன்னா மாமா, ஒரு கிலோ வெல்லமா? மளிகைக் கடைப் பொட்டலத்த அப்டியே வெச்சிட்டு வந்துடு.”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீதியைப் பொங்கல் பார்த்துக்கொண்டது.

ஒன்பது வயதில் பாப்பா எழுபத்தாறு கிலோ. சர்க்கரை, கல்லீரலில் கொழுப்பு என்று டாக்டர் அடுக்கினார். “தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா அன்னிக்கே அட்மிட் பண்ணணும்” என்றார். மூன்று மாதத்தில் எடை இறங்காவிட்டால் குழந்தைகள் நலக் குழுவுக்கு, அதாவது உங்களுக்கு, எழுதுவேன் என்றார். கோபக்காரர்.

அவர் தந்த பட்டியல்படி அம்சவள்ளி வெள்ளரிக்காயும் சுண்டலும் கட்டிக் கொடுத்தாள். முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கியது. அவள் சந்தோஷத்தில் அழுதாள். நானும் அழுதேன், என் அழுகை வேறு. மறுநாளிலிருந்து டிபன் பாக்ஸில் வெள்ளரிக்காய்க்கு அடியில் பொங்கல் போனது.

“அம்மா திட்டும்பா.”

“அம்மாகிட்ட எதுக்குடி சொல்ற? சாமி காரியம்.”

பாப்பா சொல்லவில்லை. என் பேச்சைத் தட்டமாட்டாள்.

பத்து வயது முடிய ஐந்து நாள் இருந்தது. கோயிலில் தராசுக்குச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்சவள்ளி நடவுக்குப் போயிருந்தாள். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு மூச்சு நின்றது. இருபது வரை எண்ணினேன். தானாக வந்தது. மறுபடி நின்றது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. தூக்கி உட்கார வைத்து, முதுகைத் தடவி, ஒரு லட்டு கொடுத்தேன். டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது, மேடம். மறந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். உள்ளே படுக்க வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் இளைக்க வைத்துவிடுவார்களே. அம்சவள்ளி வந்ததும், “நல்லா தூங்கினா” என்றேன். திங்கள், செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை வகுப்பில் தலை சாய்ந்தவளை டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது உங்கள் பொறுப்பில் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறாளாம். நிற்காமல் மாடி ஏறினாளாம். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஒரே வேண்டுகோள்தான். மேலும் குறைவதற்குள் ஒரு அரை மணி நேரம் அவளைக் கோயிலுக்கு அனுப்புங்கள்.

அப்பாவோடு போகமாட்டேன் என்று அவளே சொன்னாளாமே. அதையெல்லாம் எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். பசியில் பிள்ளைகள் ஏதாவது பேசும்.