ஒளித்து வைத்த தண்ணீர்ச் சட்டி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளின் மடியில் ஒரு பெட்டை நாய், வயிற்றில் ஆபரேஷன் கட்டோடு படுத்திருந்தது.

“நாயோட தண்ணிச் சட்டிய ஒளிச்சு வெச்ச மனுசன் இந்தச் சீமையிலேயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள் அவள்.

“வூடு பூரா மூத்திரம் பேஞ்சுச்சு. தண்ணிய நிறுத்துனா அதுவும் நின்னுடும்னு நெனச்சேன்.”

“திடீர்னு சட்டி சட்டியாக் குடிக்குதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். வெயிலுன்னீங்க. மார்கழிப் பனியில ஏதுங்க வெயிலு?”

“கருவாடு தின்னுருக்கும்னும் நெனச்சேன்.”

“நெனச்சீங்க! கர்ப்பப்பையில சீழ் கட்டிக் கெடந்திருக்கு. அதனாலதான் அந்தத் தாகம்னு டாக்டர் சொன்னாருல்ல? தண்ணியும் இல்லாம இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா செத்தே போயிருக்குமாம்.”

நாய் நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது.

குன்னத்தில் பஸ் நின்றதும் கணவர் இறங்கி ஓடினார். டீக்கடையிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வாங்கி வந்து, ஜன்னல் வழியாக நாயின் வாயருகே பிடித்தார். நாய் மெதுவாக நக்கிக் குடித்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். “கிண்ணத்தக் குடுத்துட்டு ஏறுங்க சார், நேரமாச்சு.”

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஊதாதய்யா! அது குடிச்சு முடிக்கட்டும்.”