பந்துக்குள் கட்டிய மூச்சு

இந்தக் கூடாரத்திற்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் செம்பாகா தோட்டப் பொதுநலச் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய அமிர்தலிங்கம் ஐயா அவர்களே! ரப்பர் பால்மரக் காட்டில் பாடுபட்ட கரங்களால் எங்களுக்கு மேடை அமைத்துத் தந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் பெருமையை நெஞ்சிலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! 'இந்த அம்மா எப்போது முடிப்பார், நாம் எப்போது ஆடுவோம்' என்று காலுறையோடு காத்திருக்கும் செம்பாகா வீரர்களே, கெமாஸ் வீரர்களே! உங்கள் அனைவருக்கும் தர்ஷிகா துரைசிங்கத்தின் நெஞ்சார்ந்த வணக்கம்.

நான் நீலாயில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிப்பவள். சென்ற ஆண்டு, இதே கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தன்று காலையில், ஆற்றோர மண்டபத்தில் காற்பந்தின் கதையைப் பேச வந்தேன். அந்தப் பேச்சு பாதியில் நின்றது. மீதியைச் சொல்லத்தான் மறுபடி அழைத்தீர்கள். சொல்கிறேன்.

எங்கே நின்றது? சீனத்தில் நின்றது! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனப் படைவீரர்கள் ட்சூஜூ என்றோர் ஆட்டம் ஆடினார்கள். தோலைத் தைத்தார்கள், உள்ளே இறகைத் திணித்தார்கள், காலால் உதைத்தார்கள். அரண்மனை ஆடியது, அங்காடி ஆடியது. ஆண்கள் ஆடினார்கள், பெண்களும் ஆடினார்கள்! என்ன தம்பி சிரிப்பு? பெண்கள் பந்தை உதைக்கும் சிலையை அன்றைக்கு மேசைமேல் வைத்தே காட்டினேன். நீங்கள் வந்திருக்கவில்லை போலும்.

அந்தச் சிலைகள் யாருடையவை? பெடாஸ் பட்டணத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் சியா கொக் மெங் அவர்களுடையவை. நம் தோட்டமே 'சியா தவுக்கே' என்று அழைக்கும் கடை முதலாளி. மீன் வைக்கும் பெரிய ஐஸ் பெட்டியில் வைக்கோல் பரப்பி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார். சிறுவர்கள் பந்தாடும் நீலவெள்ளைச் சாடி. ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று பந்தாடும் வெண்கலக் கண்ணாடி. கொண்டை போட்ட களிமண் பெண்கள்.

"ரொம்பப் பழைய காலத்துப் பொருளா தவுக்கே?" என்று கேட்டேன்.

"இல்ல லா டீச்சர். எல்லாம் இப்ப செஞ்சதுதான், பழசு மாதிரி. ஆனா நான் கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து ஒண்ணொண்ணா சேத்தது" என்றார்.

பக்கத்தில் ஒரு வரிசை, அந்தக் காலத்து முறையில் வாய்ப்பக்கம் கயிறு கோத்துக் கட்டிய தோல்பந்துகள். உள்ளே ரப்பர் பை. வாயால் ஊதி, குழாயைக் கட்டி, கயிற்றை இறுக்க வேண்டும். காட்சிக்காகக் காற்றை இறக்கி, தட்டையாக அடுக்கியிருந்தார்.

மலைப்பக்கம் நாள்கணக்கில் மழை. நான் மேடையில் நின்று, "பின்னாளில் இறகை எடுத்துவிட்டு, பந்துக்குள்ளே காற்றை அடைக்கக் கற்றார்கள்" என்றேன். அந்தச் சொல் என் வாயில் இருக்கும்போதே, கடைசி வரிசையிலிருந்து பஞ்சாலை அக்காவின் குரல்.

"டீச்சர்! கால்ல தண்ணி!"

அன்றைக்கு விருந்துச் சமையல் அவர் பொறுப்பு. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கதவிடுக்கில் பழுப்பு நீர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்காலிகள் நகர்ந்தன. நகர்ந்தவை மிதந்தன. கதவைத் திறந்தவர் திரும்பி ஓடி வந்தார். வெளியே பாதை இல்லை, திடல் இல்லை. ஆறுதான் இருந்தது! மண்டபத்துக்கும் மேட்டுச் சாலைக்கும் நடுவே நம் காற்பந்துத் திடல் முழுவதும் ஆறாகிப் பாய்ந்தது. கோல் கம்பத்தின் தலை மட்டும் தெரிந்தது.

அத்தனை பேரும் மேடைக்கு ஏறினோம். பலகைச் சுவர் முனகியது. உங்களில் எத்தனை பேர் அந்த முனகலைக் கேட்டீர்கள்? கை தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

அப்போது சத்தியசீலன் எழுந்தார். செம்பாகாவின் அணித்தலைவர், கோல்காவலர். மேடைத் திரையின் நீளக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையைத் தூணில் கட்டினோம். மேட்டுச் சாலையில் முனியாண்டி அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். கயிறு அவர் கைக்குப் போய்விட்டால் அதைப் பிடித்து எல்லாரும் கரையேறலாம்.

குதித்தார். நீந்தினார். பாதித் திடலைத் தாண்டினார். எங்கிருந்தோ உருண்டு வந்த மரக்கட்டை ஒன்று அவர் தோளில் மோதியது! மூழ்கினார். எழுந்தார். மறுபடி மூழ்கினார். எங்கள் மூச்சு நின்றது. பிறகு பார்த்தால், ஒரு கை கோல் கம்பத்தைப் பற்றியிருந்தது. ஒரே ஒரு கை. மற்றொன்று துணிபோல் தொங்கியது.

"இழுங்க! கயித்தை இழுங்க!" என்றார் ஒருவர்.

"இழுக்காதீங்க! ஓட்டத்துக்கு எதிரா இழுத்தா முங்கிடுவான்!" என்று அலறினார் பஞ்சாலை அக்கா.

முன்னால் போக முடியாது, பின்னால் வர முடியாது. நீர் ஏறுகிறது, கம்பம் சாய்கிறது. வரலாறு படித்த நான் என்ன செய்தேன்? ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி நின்றேன். எனக்கு நீந்தத் தெரியாது.

சியா தவுக்கே என்ன செய்தார்? பந்து வரிசையை மடியில் வாரிப் போட்டார். முதல் பந்தின் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். ரப்பர்க் குழாயை வெளியே இழுத்தார். ஊதினார்!

"தவுக்கே, உங்க பந்து எல்லாம் கெட்டுப்போகுமே" என்றார் பஞ்சாலை அக்கா.

"பந்துதானே லா! ஊது! எல்லாரும் ஊது!"

ஊதினோம். அப்பப்பா, எப்படி ஊதினோம்! செம்பாகா ஊதியது, கெமாஸ் ஊதியது. ஆஸ்துமா உள்ளவர்கூடப் பாதி ஊதிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தார். கைக்குழந்தைக்காரி ரதி, மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டே கண் சிவக்க ஊதினாள். ஊதிய பந்துகளை, மண்டபத்தில் சுருட்டி வைத்திருந்த கோல் வலையில் முடிந்து, வலையை ஒரு திரை வளையத்தால் கயிற்றில் கோத்து, நீரில் விட்டோம்.

வலை போனது. சுழன்றது. வேலிக்கம்பியில் மாட்டி நின்றது! கயிற்றை இப்படி ஆட்டினோம், அப்படி ஆட்டினோம். விடுபட்டுப் பாய்ந்தது. சத்தியசீலன் நெஞ்சில் போய் முட்டியது. பற்றியிருந்த கையை விட்டால்தான் வலையைப் பிடிக்க முடியும்.

"விடு சீலா! விட்டுட்டுப் பிடி!" என்று கெமாஸ் அணி கத்தியது. அன்று பிற்பகல் அவருக்கு எதிராக ஆட வேண்டியவர்கள் கத்தினார்கள்!

கம்பத்தை விட்டார். வலையைக் கட்டிக்கொண்டார். நாங்கள் கயிற்றைத் தளர்த்தத் தளர்த்த, காலால் உதைத்து உதைத்துப் போனார். அவரைத் தாங்கியது எது? உங்கள் மூச்சு! முனியாண்டி அண்ணன் இடுப்பளவு நீரில் இறங்கி அவர் சட்டையைப் பற்றி இழுத்தார். கயிறு லாரியில் கட்டப்பட்டது.

அடுத்து யார்? ரதியின் குழந்தை. ரதி கொடுக்க மறுத்தாள். "எம் புள்ளைய தண்ணியில விடமாட்டேன்!" என்று அழுதாள். தவுக்கே ஐஸ் பெட்டியைத் திறந்தார். பாதுகாப்பாக உள்ளே எடுத்து வைத்திருந்த சாடியை, கண்ணாடியை, களிமண் பெண்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேடைப் பலகையில் வைத்தார். குழந்தையைக் கேட்டுக் கை நீட்டினார்.

"நான் பெட்டியப் பிடிச்சுக்கிட்டு கூடவே போறேன். நீ அந்தப் பக்கம் பிடி. நம்பு, ரதி."

கொடுத்தாள். மூவரும் போனார்கள். பிறகு ஒவ்வொருவராக நாங்களும் போனோம். பஞ்சாலை அக்கா என்னைப் பந்தோடு சேர்த்துத் தன் முந்தானையால் கட்டி இழுத்துப் போனார். நாங்கள் லாரியில் ஏறித் திரும்பிப் பார்த்தோம். ஆற்றுப்பக்கச் சுவர் மடிந்தது. கூரை குனிந்தது. மேடை போனது. தவுக்கேயின் ஆயுட்காலச் சேமிப்பும் அதோடு போனது. அவர் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாப்பா பால் குடிச்சாளா?" என்று ரதியைக் கேட்டார்.

தவுக்கே, தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். முதல் வரிசையில் அமருங்கள். இன்னும் கொஞ்சம்தான்.

அன்பர்களே! ஐரோப்பாவில் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதிப் பந்து செய்தார்கள். பிறகுதான் ரப்பர் வந்தது. ரப்பர் வந்தபின்தான் பந்து உருண்டையாக நின்றது, உலகமெல்லாம் ஓடியது. அந்த ரப்பருக்காகத்தானே உங்கள் முன்னோர் இங்கே கப்பலேறி வந்தார்கள்? பால் வெட்டியவர்களின் பிள்ளைகள் ரப்பருக்குள் ஊதிய மூச்சு, ஓர் உயிரை மிதக்க வைத்தது. பந்தின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை நான் எழுதுவேன். என் மாணவர்களுக்கு நடத்துவேன்.

ஆனால் இன்னொன்றும் சொல்லாமல் இறங்க மாட்டேன். புதிய மண்டபம் எழும்பப் போகிறதாம். மகிழ்ச்சி! எங்கே? அதே ஆற்றோரத்தில், அதே பள்ளத்தில்! அடித்தளம் மீதம் இருக்கிறதாம். தலைவர் அவர்களே, சத்தியசீலன் இன்று கோல்காவலர் இல்லை. பயிற்சியாளராக ஓரத்தில் நிற்கிறார். அந்தக் கை தோளுக்கு மேல் எழாது. மீதமிருக்கும் அடித்தளத்தைப் பார்க்கும் கண்கள் அந்தக் கையைப் பார்க்க வேண்டாமா? அடுத்த வெள்ளத்துக்கும் ஒரு சியா தவுக்கே பந்துகளோடு வந்து நிற்பாரா? பள்ளத்தில் கட்டினால் நான் திறப்பு விழாவுக்கு வரமாட்டேன். மேட்டில் கட்டினால் முதல் கல்லைச் சுமக்க வருவேன். என்னோடு சுமப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்!

பஞ்சாலை அக்கா... ரதி... கெமாஸ் தம்பிகள்... இதோ, கூடாரமே எழுந்து நிற்கிறது. ஐயா, நீங்கள் ஒருவர்தான் அமர்ந்திருக்கிறீர்கள்.

ஒலிவாங்கியைக் கேட்கிறார். அமைதி! அமைதி! தலைவர் சொல்வதைக் கேட்போம்.

"நானும் அந்த மேடையில ஊதுனவன்தான், டீச்சர். சங்கக் கூட்டத்துல மேட்டுல கட்டலாம்னு பேசிப் பாத்தேன், எம் பேச்சு எடுபடல. இப்ப இத்தனை பேர் நிக்கிறாங்க. மேட்டுலதான் கட்டுவோம். எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

கேட்டீர்களா? கை தட்டுங்கள், போதாது, இன்னும்! ஐயா, நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கு நன்றி. கண்ணீரைத் துடைக்காமல் கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. எங்கள் சியா தவுக்கேவுக்கு எந்த மொழியில் நன்றி சொன்னாலும் பற்றாது. சென்ற ஆண்டு ஆடாமல் போன இறுதி ஆட்டத்திற்கு நடுவர் ஊதலோடு நிற்கிறார். போய் ஆடுங்கள், என் தம்பிமாரே! வணக்கம்.