துணைவேந்தர் கோட்டில் ஒரு பெருக்கல் குறி

– சிரிக்காம என்ன பண்ணச் சொல்ற, அக்கா? தாவரவியல் துறைத் தலைவரு நோட்டீஸ் போர்டைப் போட்டோ புடிச்சு அனுப்பி, ‘இதை வெப்சைட்ல போடு’ங்கறாரு. அவர் கட்டைவிரலும் பாதி விழுந்திருக்கு. நானும் கட்டைவிரலோட அப்படியே ஏத்தி விட்டுட்டேன். வேதியியல் ஆளு என்னடான்னா, தலைல முடி இருந்த காலத்துப் போட்டோவப் போடுன்னு உயிரை வாங்கறாரு. படிச்ச முட்டாளுங்களுக்கு இங்க பஞ்சமே இல்ல.

– உன் ஆபீஸ் கதையைக் கேக்க நான் பஸ் ஏறி வரலடா தம்பி. ஒரு பொண்ணு விஷயமா வந்தேன். வேண்டிய பொண்ணு. உங்க வெப்சைட்ல விண்ணப்பம் போட முடியாம தவிச்சுப் போயிருக்கா. நேத்தோட கடைசித் தேதி முடிஞ்சிடுச்சாமே?

– முடிஞ்சதுன்னா முடிஞ்சதுதான். ஏன், மகாராணிக்கு என்ன முடியலையாம்?

– திறந்ததுமே உங்க துணைவேந்தர் படம் வந்து மொத்தத்தையும் மறைச்சுக்குதாம். அதை மூடற வழி தெரியலையாம்.

– அவருக்கு விருது கிடைச்சதுக்கு வாழ்த்துப் படம், அக்கா. ‘எவன் திறந்தாலும் முதல்ல என் முகம் தெரியணும்’னு அவர் வாயாலேயே சொன்னாரு. ஓரத்துல பெருக்கல் குறி இருக்கு. அமுக்கினா போயிடும். சிம்பிள்.

– எந்த ஓரத்துல?

– அவர் கோட்டு காலர் பக்கம்.

– கோட்டு என்ன நிறம்?

– கறுப்பு.

– குறி?

– அதுவும் கறுப்புதான். அதனால என்ன இப்போ? கண்ணு இருக்கறவன் கண்டுபிடிப்பான். அது கூடத் தெரியாதவ இங்க வந்து படிச்சு என்ன கிழிக்கப் போறா? மண்டைல களிமண் இருக்கறதையெல்லாம் அது வாசல்லயே வடிகட்டிடும். இந்த வருஷம் விண்ணப்பம் பாதியாக் குறைஞ்சிருக்கு, தெரியுமா? ‘தரம் ஏறிடுச்சு’ன்னு துணைவேந்தருக்கே சந்தோஷம்.

– அடேயப்பா! சரி, நீதான் கண்ணுள்ளவனாச்சே. இந்தா என் போன். நீயே மூடிக் காட்டு.

– கொடு. இதோ பாரு... இரு... ஒரு நிமிஷம். உன் போன்ல ஏதோ கோளாறு.

– ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அமுக்குடா.

– காலரே தெரியல அக்கா. மூஞ்சி மட்டும்தான் பெருசா வருது, மீசையோட நின்னுடுது. எங்க கம்ப்யூட்டர்ல இப்படி வராதே!

– அதுல எப்படி வரும்?

– நாங்க ஆபீஸ் பாஸ்வேர்டு போட்டு நேரா உள்ள போறவங்க. எங்களுக்கு இந்தப் படமே வராது. வெளிய இருந்து வர்றவங்களுக்குத்தான்.

– அப்ப நீ கட்டின வீட்டு முன்வாசலை நீயே ஒரு தடவை கூட எட்டிப் பாக்கல.

– தப்பு இருந்தா புகார் வந்திருக்கும். இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது.

– புகாரை எங்க எழுதணும்?

– வெப்சைட்லதான். ‘குறைகள்’னு ஒரு பக்கம் இருக்கு.

– அந்த மீசைக்குப் பின்னாடி.

– உனக்கு எப்பவும் வாய் நீளம், அக்கா.

– இருந்துட்டுப் போகட்டும். ரெண்டே நாள் திறந்து விடுடா. பதிவாளர்கிட்டப் போயி, ‘தப்பு எங்க பக்கம்’னு ஒரு வார்த்தை சொல்லு. அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் பாழாகாது.

– தப்பு என் பக்கம்னு நான் போய்க் கைகட்டி நிக்கணுமா? ஒரு மண்டூகத்துக்காக? ஏன், அவளுக்கு வீட்ல கேக்க ஆள் இல்லையா?

– இருக்கு. கேட்டா, ‘இது கூடத் தெரியாதா’ன்னு நாலு பேர் எதிர்ல காறித் துப்பும்னு பயம். வாயே திறக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் இன்னிக்குக் காலைல என் மடியில விழுந்து அழறா.

– நல்லா அழட்டும். அவளைச் சொல்லிக் குத்தமில்ல, பெத்தவங்களைச் சொல்லணும். கடைசித் தேதி வரைக்கும் அவ அப்பன்காரன் என்ன புடுங்கிட்டு இருந்தானாம்?

– இதே நாற்காலில உக்காந்து, துணைவேந்தர் படத்தை மாட்டிட்டு இருந்தான்.