பலகை ஊரின் ஓடுபாதை

அவையை நடத்தித்தரும் தலைவர் ஐயா அவர்களே! பாதி ஆயுளை மேகத்துக்குள் கழித்துவிட்டு வந்திருக்கும் பெரியவர்களே! பிள்ளையை வானத்துக்கு அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களே! நாளைக்கு நெஞ்சில் விமானி இறக்கைச் சின்னம் குத்திக்கொள்ளப்போகும் செல்வங்களே! மைக்கை என் உயரத்துக்கு இறக்கிவைத்த தம்பி, உனக்கும் வணக்கம்!

வருஷத்தை எழுத எனக்கு வராது, சொல்ல வரும். பெரிய பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தில் சாய்ந்த வருஷம். தபால்காரர்கள் நாற்பத்தொரு நாள் வேலைக்குப் போகாத வருஷம். என் இரண்டாவது மகளுக்குப் பல் முளைத்த வருஷம்.

அப்போது, விமானிகள் தரையிலிருந்தே பழகும் பறக்காத விமானத்துக்குக் கணினிப் படம் கிடையாது. ஒரு கூடம். அதில் சுவர் உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற பலகை. பலகை மேல் ஓர் ஊர்! விரல்நுனி அளவு வீடுகள், பஞ்சில் செய்த மரங்கள், ஒரு மலை, நீலம் தீட்டிய ஆறு, இரண்டு விரல் அகலத்தில் ஓடுபாதை. பக்கத்து அறையில் விமானி கைப்பிடியை அசைத்தால், இங்கே ஒரு கேமரா அந்த ஊர் மேல் மிதக்கும். அது பார்ப்பதே அவருக்கு முன் கண்ணாடியில் தெரியும். நூறு விளக்கு வெளிச்சத்தில் அந்த ஊருக்கு மாலையே கிடையாது. அதன் தூசி தட்டுவது என் வேலை. தட்டத் தட்ட, நானும் அந்த ஆற்றங்கரையில் நடப்பதுபோல் ஒரு மயக்கம் வரும்.

ஒருநாள் ஓர் எறும்பு ஓடுபாதையில் ஏறிவிட்டது. உள்ளே இருந்தவர், "பாதையில யானை நிக்குதுய்யா!" என்று அலறினார். சிரிக்கிறீர்கள்! அவர் சட்டை நனைந்ததை நானல்லவா பார்த்தேன்!

அந்த ஊரைக் கட்டியவர் என் மாமா, அக்காள் கணவர். பிரஷ்ஷைத் தொடாதே என்பது அவர் கட்டளை. அவர் வெளியூர் போயிருந்த நாளில் ஈரத்துணியால் துடைத்தேன். பாதையின் இரண்டு ஓரக்கோடும் துணியோடு வந்துவிட்டன. பயத்தில், கண் மதிப்பில், நானே வரைந்துவிட்டேன். யாருக்குத் தெரிந்தது? ஒருவருக்கும் தெரியவில்லை! எல்லோரும் உயரம் காட்டும் கருவியைப் பார்த்து இறங்கினார்கள்.

அந்த மாதம் ஒரு பெண் விமானிக்கு மட்டும் கருவிகளைத் துணியால் மூடித் தேர்வு. கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். முதல் முறை இடித்தாள். இரண்டாம் முறையும் இடித்தாள். மூன்றாம் முறையும் தவறினால் இறக்கையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாம் தேர்வுக்கு முன் கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணே, இவ்வளவு அழகான ஊரு. இதுல வந்தா விழறேன்?"

"நிஜத்துல எப்படிம்மா?"

"நிஜத்துல நல்லாத்தான் இறங்கறேன். இங்க மட்டும், இன்னும் உயரத்துல இருக்கேன்னு கண்ணு சொல்லுது. அதுக்குள்ள தரை வந்துடுது."

அவள் போனதும் கன்னத்தைப் பலகையோடு ஒட்டிப் பார்த்தேன். என் கோட்டுக்கு வெளியே, ஓர் அரிசி அகலம் தள்ளி, பழைய கோட்டின் தடம்! பாதையை ஒடுக்கிவிட்டேன், ஐயா! ஒடுங்கிய பாதை தூரத்துப் பாதைபோல் தெரியாதா? அந்தக் கண்ணை ஏமாற்றியது யார்? அவளா? நானா?

தேர்வாளரிடம் போய்ச் சொன்னேன். மாமாவும் அங்கே நின்றார்.

"கையெழுத்துப் போடத் தெரியாதவன், என் தேர்வு தப்புங்கறியா?"

"தேர்வு தப்பில்லீங்க. கோடு தப்பு. நான் போட்டது."

"டேய், உன்ன யாருடா பிரஷ்ஷ எடுக்கச் சொன்னது?" என்று மாமா பாய்ந்தார்.

தேர்வாளர் தாமே உள்ளே போய் உட்கார்ந்தார். கருவிகளை மூடச் சொன்னார். இறங்கினார். இடித்தார்! கதவு நடுங்கியது. வெளியே வந்து மூக்குக்கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

"கோட்ட அழிங்க. அந்த ரெண்டு தேர்வையும் அழிங்க."

மாமா அளந்து வரைந்தார். மறுநாள் அவள் ஏறினாள். கேமரா மலையைத் தாண்டியது. ஆற்றின் மேல் மிதந்தது. பஞ்சு மரங்கள் விலகி வழிவிட்டன. நான் மூச்சு விடவில்லை. தூங்கப்போகும் பூனை பாயில் பாதம் வைப்பதுபோல், அந்த விமானம் தரையைத் தொட்டது. தொட்டதே தெரியவில்லை!

மாமா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. ஒரே பந்தியில் உப்பு வேண்டுமென்றாலும் அக்காளிடம்தான் கேட்பார்.

செல்வங்களே! நாளை நீங்களும் தேர்வாளராவீர்கள். ஒருவரைத் தோற்றார் என்று எழுதுமுன், அவருக்கு நாம் போட்டுக்கொடுத்த பாதையை அளந்தோமா? அதில் நாமே இறங்கிப் பார்த்தோமா? பார்த்த பிறகு எழுதுங்கள்! பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்!

பொறுமையாகக் கேட்டீர்கள், கைகூப்புகிறேன். உங்கள் சக்கரங்கள் என்றும் மெத்தென்று மண் தொடட்டும்!

தேர்வாளர் போய்விட்டார். மாமா போய்விட்டார். பலகையைப் பிரித்து எடுத்துப்போனவர்களும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம், ஒருவர் தலையும் குலுங்காமல் மக்களை இறக்கிவிட்டு, இன்று வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து மேலே போகிற விமானங்களை எண்ணிக்கொண்டிருக்கிறாளே, அந்தக் கூடத்துக்காரர்களில் என்னைத் தவிர உயிரோடிருப்பவள் அவள் ஒருத்திதான்: எங்கள் விமானியம்மா.